வலிப்புக்காகக் காத்திருந்தோம்

எனக்கு வலிப்பு வரவேண்டும் என்று என் மனைவி எப்சிபா முழங்காலில் நின்று ஜெபித்தாள். கல்யாணமான நாளிலிருந்து வரவே கூடாது என்று ஜெபித்தவள்.

சென்னை ஆஸ்பத்திரியில் என் தலை முழுக்க ஒயர் ஒட்டி, கட்டிலுக்கு எதிரே கேமரா வைத்து, மாத்திரையையும் நிறுத்திவிட்டார்கள். மூளையில் ஓடும் அலையையும் உடம்பு போகிற போக்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் வலிப்பு எங்கே தொடங்குகிறது என்று தெரியுமாம். தெரிந்தால் ஆபரேஷன்.

குணமானால் திரும்பவும் கடல். விழுகிறவனை எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில் யார் படகில் ஏற்றுவார்கள்? அவர்கள்மேல் எனக்குக் கோபமும் இல்லை.

கூப்பிடாத நேரத்தில் எல்லாம் வருகிற சனியன், கேமராவைக் கண்டதும் வெட்கப்பட்டுக்கொண்டது. நாள்கணக்கில் காக்கவைத்து, ஒருவழியாக வந்தது.

டாக்டரம்மா பதிவைப் போட்டுக் காட்டினார். நான் விழுவதை நான் பார்த்ததே இல்லை. பயமும் ஆசையுமாக எட்டிப் பார்த்தேன்.

திரை முழுக்கப் பச்சைப் புடவை.

எப்சிபா எனக்கு முன்னால் நின்று, முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருந்தாள். கேமராவைப் பார்த்துக் கத்தினாள்.

"இன்னா வேடிக்கை? மனுசன் விழுந்தா பாக்கத்தான் வந்தீங்களா? போங்க, அவங்கவங்க வேலையப் பாருங்க!"

அறையில் வேறு யாருமே இல்லை.

கடற்கரையில், மீன் ஏலத்தில், சர்ச் வாசலில் என்று எங்கெங்கோ விழுந்திருக்கிறேன். கண் திறக்கும்போது சுற்றி ஒரு ஆள்கூட நிற்கமாட்டார். நம் ஊர் ஜனம் தங்கமான ஜனம் என்று பெருமைப்பட்டுக்கொள்வேன்.

"ஐயோ, நானே கெடுத்துட்டேனே," என்று எப்சிபா தலையில் அடித்துக்கொண்டாள். இன்னொரு தடவை வரட்டும், அப்போது தள்ளி நில்லுங்கள் என்றார் டாக்டரம்மா. நல்ல மனுஷி, திட்டவில்லை.

இன்னொன்றும் வந்தது. இந்தத் தடவை படம் பளிச்சென்று இருந்தது. என் இடது கை முறுக்கியது, வாய் கோணியது. இடம் தெரிந்துவிட்டது, ஆபரேஷன் செய்யலாம் என்றார். கடவுளே, டாக்டரம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஆனால் என் கண் அவர் தொட்டுக் காட்டிய இடத்தில் நிற்கவில்லை. திரையின் ஓரத்துக்குப் போனது.

அங்கே எப்சிபா ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, என்னையே பார்த்து அழுதுகொண்டிருந்தாள்.

இத்தனை வருஷமும் ஊரைப் பார்த்து, எனக்கு முதுகைக் காட்டி நின்றவள். நான் விழுவதை அவளும் அன்றைக்குத்தான் பார்த்திருக்கிறாள்.