மூன்றாவது புட்டி

"கண்ணை மூடிக்குங்க" என்றபடி டாக்டர் முதல் பழுப்புப் புட்டியை மூக்கருகே நீட்டினார்.

"கிராம்பு" என்றான், சோப்புக் கம்பெனியில் வாசனை கலக்குகிறவன்.

"அடுத்தது?"

"ரோஜா."

மூன்றாவதற்குக் கொஞ்சம் யோசித்தான். "எலுமிச்சை."

டாக்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "மூக்கு நரம்புலேருந்து ஒரு புரதத் துணுக்கு கசியுது. உள்தோல்ல இருக்கற ஏற்பிகள் அதை வாங்கி வாங்கி, தோல் வீங்கிக்கிட்டே இருந்துச்சு. அதான் வாசனையே தெரியாமப் போச்சு. புது மருந்து அந்த ஏற்பிகளோட வாயை அடைச்சிடுச்சு."

"எனக்கு நேத்தே தெரியும் டாக்டர்" என்றாள் மனைவி. "குழந்தை தலையை மோந்துட்டு, பால் வாசனை அடிக்குதுன்னார். பொறந்ததுலேருந்து இதான் முதல் தடவை. இனி வேலைக்குப் போகலாம்ல?"

"தாராளமா. சர்டிபிகேட் தர்றேன்."

இந்த மாதமும் மூக்கு சரியாகாவிட்டால் வேறு ஆள் போடுவதாக மானேஜர் கறாராகச் சொல்லியிருந்தார்.

நர்ஸ் ஒரு தட்டோடு உள்ளே வந்தாள். "ஸாரி டாக்டர், மேஜைல இருக்கறதெல்லாம் கழுவிக் காயவெச்ச காலிப் புட்டிங்க. வாசனை ஊத்தினது இதுதான். டெஸ்ட்டை ஆரம்பிக்கலாம்."

சர்டிபிகேட் எழுதிக்கொண்டிருந்த டாக்டரின் பேனா நின்றது.

"இதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணின ஒவ்வொரு தடவையும் நான் தப்பாச் சொன்னதும் நீங்களே விடையைச் சொல்லிடுவீங்க டாக்டர்" என்றான் அவன், தலையைக் குனிந்தபடி. "எப்பவும் அதே வரிசைதான். மனப்பாடம் ஆயிடுச்சு."

மனைவி மெல்லக் கேட்டாள். "அப்போ குழந்தை தலையில?"

"கைக்குழந்தைன்னா பால் வாசனைதானே இருக்கும்னு சொன்னேன்."