உட்கார விடாத முதலாளி

"மறுபடியும் ஆபரேஷன் தேதியை மாத்தணுமா? இது என்ன பஸ் டிக்கெட்டா?"

டாக்டரம்மா போட்ட சத்தத்தில் நர்ஸ் திடுக்கிட்டுத் திரும்பினாள். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள். லாண்டரியில் நாள் முழுக்க நின்று துணி தேய்ப்பவள். முழங்காலுக்குக் கீழே நரம்புகள் நீலமும் பச்சையுமாய்ச் சுருண்டு புடைத்திருந்தன. கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, ஓரிடத்தில் நீர் கசிந்தது. போன மாதம் அந்தக் கசிவு இல்லை. டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்ததே அதைப் பார்த்துத்தான்.

"புண்ணாக ஆரம்பிச்சாச்சு. இந்த நரம்பை லேசர் வெச்சு அடைச்சா அன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம். அப்புறம் ஒரு வாரம் நின்னு வேலை பார்க்கக் கூடாது, அவ்வளவுதானே!"

"லீவு கிடைக்காது டாக்டர்."

"உட்கார்ந்தாவது தேய்க்கலாமில்ல? ஒரு ஸ்டூலுக்குக்கூடவா வக்கில்ல அந்தக் கடையில?"

"மத்த பொண்ணுங்களுக்கு இருக்கு. மதியம் கொஞ்ச நேரம் படுத்துக்கவும் விடுவாங்க. தலைவலின்னு சொன்னாப் போதும், உடனே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"உங்களுக்கு?"

"எனக்கு மட்டும் எதுவும் கிடையாது."

டாக்டர் கையுறையை உருவி வாளிக்குள் வீசினார். "உங்க மேல மட்டும் அந்த ஆளுக்கு அப்படி என்ன வன்மம்?"

"ஆம்பளை இல்ல டாக்டர். பொம்பளைதான்."

"பொம்பளையா? இந்தக் காலைப் பார்த்துமா மனசு இளகல?"

"தினமும்தான் பார்க்கிறாங்க. காய்ச்சலோட நின்னப்பவும் விடல. சொன்ன நேரத்துக்குத் துணி போகணும், முடிச்சுட்டுப் படுன்னுட்டாங்க."

"நீங்களும் வாயை மூடிக்கிட்டு நின்னீங்களாக்கும்!"

"எத்தனையோ தடவை சண்டை போட்டாச்சு. கடைசியில அவங்கதான் ஜெயிக்கிறாங்க."

டாக்டருக்கு மூச்சு வாங்கியது. போன வாரம்தான் இதே மாதிரி நரம்பு ஒன்று வெடித்து, ரத்தம் நிற்காமல் ஒருவரைத் தூக்கிவந்திருந்தார்கள். அந்தத் தரையைக் கழுவிய ஈரம் இன்னும் அவர் கண்ணிலேயே இருந்தது.

"அந்த மகராசி நம்பரைச் சொல்லுங்க. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறேன்."

"வேண்டாம் டாக்டர்..."

"சொல்லப் போறீங்களா இல்லையா?"

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். டாக்டர் எண்களை நறுக் நறுக்கென்று அழுத்திப் போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

கட்டிலில் பக்கத்திலிருந்த அவளுடைய பைக்குள் போன் மணி அடித்தது.

அவள் அதை எடுக்கவில்லை. கண்ணில் நீர் முட்ட டாக்டரைப் பார்த்தாள்.

"நல்லாத் திட்டுங்க டாக்டர். நான் சொன்னா அவ கேட்கவே மாட்டேங்கறா."