எந்தப் பக்கம் கைப்பிடி?

அந்தப் போட்டித் துப்பாக்கிக்குத் திருப்புளியைக் கண்டாலே கொட்டாவி வரும். தோட்டா ஏற்ற இழுக்கும் சின்னக் கைப்பிடியை அதன் முதலாளி மரியதாஸ் இடது பக்கம் முடுக்குவார். கட்டைவிரலில் இடிக்கிறது என்பார். வலது பக்கம் மாற்றுவார். உறையில் தட்டுகிறது என்பார். மறுபடியும் இடது.

"அண்ணே, நாளைக்குப் போட்டி. இன்னிக்கும் கழட்டுறாரே?" என்றது கைப்பிடி.

"ஒரு நாளாவது சுட்டுப் பழகுவார்னு பார்த்தேன்டா," என்றது துப்பாக்கி, அலுப்போடு.

மறுநாள் போட்டியில் சுடத் தொடங்கச் சொல்லி டைமர் கத்தியதும், மரியதாஸின் கை பழக்கத்தில் இடது பக்கம் பாய்ந்து வெறுங்காற்றை இழுத்தது. நேற்று மாட்டிய வலது பக்கத்திலேயே கைப்பிடி காத்திருந்தது.

"கூப்பிடட்டுமாண்ணே?"

"சும்மா இருடா. வீட்டுக்குப் போனதும் எப்படியும் உன்னைத்தான் மாத்தப் போறாரு."