எஸ்போவைக் காட்டும் கைபேசி

பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் பகுதித் தேநீர்க்கடையின் மூலை மேசையில், சீப்பை வாயில் கவ்விக்கொண்டு, மகள் ஆரணிக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கிறான் கீர்த்தனன். எதிரே, தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்த கைபேசிக்குள் பின்லாந்தின் எஸ்போ நகரம். இறந்துபோன மனைவியின் அக்கா மிருணாளினி பனியில் நடந்தபடி தன் ஊரைக் காட்டுகிறாள். ஐந்நூறு வருடத்துக்கு மேல் பழைய கல் தேவாலயம் ஒன்று சாம்பல் நிறத்தில் நிற்கிறது. அதன் கூரைக்கு மேலே, புதுக் குடியிருப்புக் கட்டும் பாரந்தூக்கி மெல்லத் திரும்புகிறது. "நாங்கள் வரேக்கை இஞ்சாலை வெறும் காடு. இப்ப மெத்ரோ ரயிலும் வந்திட்டுது. பஸ் எடுத்தா கடல்," என்றவள், அவன் விரல்களைப் பார்த்துச் சிரிக்கிறாள். "உதென்ன, பின்னலோ பனையோலைக் கடகமோ?" அவன் அவிழ்த்துவிட்டு, கூந்தலை மறுபடி மூன்றாகப் பிரிக்கிறான். வெளியே மேம்பாலத்தில் மெத்ரோ போக, கண்ணாடிக் கதவு அதிர்கிறது. "பிள்ளையை என்னட்டை விடும், கீர்த்தனன். நான் வளக்கிறன். ஓகஸ்டிலை பள்ளிக்கூடம் தொடங்குது." மனைவி போனதிலிருந்து யார் எதைக் கேட்டாலும் அவன் ஓம் என்றுதான் சொல்லிவருகிறான். இதற்கும் தலை பாதி அசைந்துவிட்டது. "ஏ பப்பா?" என்கிறாள் ஆரணி பிரெஞ்சில். ‘அப்ப அப்பா?’ என்று கேட்கிறாள். மிருணாளினி நின்றுவிடுகிறாள், பனி நொறுங்கும் சத்தமும் நிற்கிறது. கீர்த்தனன் வாயிலிருந்து சீப்பை எடுக்கிறான். "இவள் தனிய வரமாட்டாள், மச்சாள். வந்தா ரெண்டு பேரும்தான் வருவம்." மிருணாளினி, பனி படிந்ததுபோலத் தன் கைபேசியைத் துடைக்கிறாள். திரை முழுவதும் அவளுடைய சிவப்புக் கம்பளிக் கையுறை.