துப்பாத மடக்கு

“அதை நான் முழுங்கியிருக்கோணுங்க” என்று ராஜேஸ்வரி சொன்னது போன வருஷம், வேலை முடிந்து பஸ்ஸுக்கு நடந்தபோது.

“எதைங்க?” என்று கேட்டார் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் மாதேஷ்.

“அந்தப் பிரெஞ்சுக்காரர் குடுத்த ஒயினைத்தான். பாவம், மனுசன் மூஞ்சி சுண்டிப்போச்சு.”

காப்பியை ருசி பார்த்துத் தரம் சொல்வது அவள் வேலை. கரண்டியில் எடுத்து, சர்ரென்று உறிஞ்சி, நாக்கில் உருட்டி, பக்கத்து வாளியில் துப்பிவிட வேண்டும். இருபது வருஷப் பழக்கம். காப்பி வாங்க வந்தவர் ஆசை ஆசையாகத் தன் ஊர் வெள்ளை ஒயினை நீட்டியபோதும் வாய் தன் வேலையைத்தான் பார்த்தது.

மாதேஷ் சிரிக்கவில்லை. “சரிங்க” என்றார். அவ்வளவுதான்.

எப்போதும் அவ்வளவுதான். கப்புகளை வரிசையாக வைப்பார், வெந்நீர் ஊற்றுவார், அவள் முகத்தைப் பார்த்தே காப்பி தேறுமா என்று கண்டுபிடித்துவிடுவார். நான்கு தங்கைகளையும் சேலத்திலேயே கட்டிக்கொடுத்து முடிப்பதற்குள் அவருக்கு ஐம்பது வந்துவிட்டது.

ராஜேஸ்வரிக்குக் கணவர் தவறிப் பத்து வருஷம். மகள் ஓசூரில் குடித்தனம்.

மூன்று வருஷமாக அவர் எதையோ கேட்க வாயெடுப்பார். கடைசியில் மிளகு விலையில் வந்து நிற்பார்.

என்ன கேட்கப் போகிறார் என்று அவளுக்குத் தெரியும். என்ன பதில் சொல்வது என்பதுகூட முடிவாகிவிட்டது. மனுஷன் கேட்டால்தானே.

போன வாரம் தங்கை வீட்டு விசேஷம் என்று லீவு போட்டுவிட்டுப் போனவர், இன்று வேலை முடிந்ததும் தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார்.

“பிரெஞ்சுக்காரர் அனுப்பி வெச்சாருங்க. பர்கண்டிங்கற ஊரு ஒயினாம். எழுபது வயசுத் திராட்சைக் கொடியாம். காய் கம்மியாத்தான் புடிக்குமாம், ருசி மட்டும் கூடுதலாம்.”

“வயசான கொடியைப் பத்தி நொம்பத் தெரிஞ்சு வெச்சிருக்கீங்க.”

மாதேஷின் காது சிவந்தது.

ஸ்க்ரூ டிரைவரால் கார்க்கைப் பாட்டிலுக்குள்ளேயே தள்ளிவிட்டு, காப்பி ருசி பார்க்கும் கப்பிலேயே ஊற்றினார். மிதந்த கார்க்குத் துணுக்கை அவள் கரண்டியால் ஒதுக்கினாள்.

இளம் வைக்கோல் நிறம். மூக்கருகே கொண்டுபோனதும் பழுத்த பேரிக்காய். கொஞ்சம் பொறுத்தால் எலுமிச்சைத் தோல். அதற்குப் பின்னால், யாரோ பக்கத்து வீட்டில் வெண்ணெய் உருக்குவது போல.

சர்ரென்று உறிஞ்சினாள்.

ஜில்லென்று இருந்தது. புளிப்பு நாக்கின் ஓரங்களைத் தொட்டு எழுப்பியது. நடுவில் மழை நனைத்த பாறை. எல்லாம் முடிந்தது என்று நினைத்த நேரத்தில், ஏப்ரலில் எஸ்டேட் முழுக்க வெளுத்துக் கிடக்குமே காப்பிப் பூ, அந்த வாசம்.

மாதேஷ் பழக்க தோஷத்தில் வாளியை அவள் பக்கம் நகர்த்தினார்.

ராஜேஸ்வரி அதைக் காலாலேயே தள்ளிவிட்டு, முழுங்கினாள்.

“துப்பலீங்களா?”

“வேலைதான் முடிஞ்சுபோச்சுங்களே.”

பாட்டிலைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம், பிரெஞ்சு எழுத்துகளுக்குக் கீழே சின்னதாய் ஒரு ஸ்டிக்கர். புதுச்சேரியில் விற்பனைக்கு மட்டும்.

அவள் அதை மறுபடி ஒருமுறை நிதானமாகப் படித்தாள்.

“ஏனுங்க ரைட்டரே, பாண்டிச்சேரியில உங்களுக்கு எந்தத் தங்கச்சிங்க?”

மாதேஷ் ஜன்னலைப் பார்த்தார். வெளியே சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறிக்கொண்டிருந்தது.

“மிளகு விலை...” என்று ஆரம்பித்தார்.

ராஜேஸ்வரி அவர் முகத்தைப் பார்த்தபடியே இன்னொரு மடக்கு குடித்தாள். அதையும் துப்பவில்லை.

மாதேஷ் ஜன்னலை விட்டு அவள் பக்கம் திரும்பினார்.

“உங்களைப் பொண்ணு கேக்கோணும்னா, யாருகிட்டங்க வந்து கேக்கோணும்?”