புலி வருஷத்துக்காரி

புலி வருஷத்தில் பிறந்த பெண் குடும்பத்தையே தின்று தீர்த்துவிடுவாள் என்று சீன ஜோசியர் சொல்லிவிட்டார். தொப்புள்கொடி காய்வதற்குள் குழந்தையை ரப்பர் தோட்டத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்றிடம் கொடுத்துவிட்டார்கள். அங்கே அவள் வேதவல்லி ஆனாள். பெற்றவள் ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை. வேதவல்லிக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஆனபிறகு, கூடப்பிறந்த அண்ணன் என்று சொல்லிக்கொண்டு ஒரு சீனர் வாசலில் வந்து நின்றார்.

"அம்மா போயிட்டாங்க. கடைசியா முகம் பார்க்க வாம்மா" என்று மலாய் மொழியில் அழைத்தார்.

புடவையும் குங்குமமுமாக அவள் அந்த வீட்டுக்குள் நுழையும்போதே பூசாரி மணியடித்து உரக்க ஏதோ அறிவித்தார். அண்ணன் தரையைப் பார்த்தார்.

"பெட்டியை மூடப்போறாங்க. புலி வருஷத்துக்காரங்க பார்க்கக் கூடாதாம். சுவர் பக்கமாத் திரும்பிக்க."

"நான் இன்னும் முகத்தையே பார்க்கலியே, அண்ணே."

"பார்த்தா உனக்குத்தான் ஆகாது" என்று அவள் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

பக்கத்தில் ஒரு சிறுமி ஏற்கெனவே சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். அண்ணனின் பேத்தி.

"நீங்களும் புலியா?"

வேதவல்லி தலையசைத்தாள்.

"நானும்தான். பெட்டியில இருக்கிற பெரிய பாட்டி என்னைப் புலிக்குட்டின்னுதான் கூப்பிடுவாங்க. மடியைவிட்டு இறக்கவே மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுச் சிறுமி விசும்பினாள்.

முதுகுக்குப் பின்னால் ஆணி அடிக்கும் சத்தம் எழுந்து ஓய்ந்தது.

"முடிஞ்சுது, இனிமே திரும்பலாம்" என்றார் அண்ணன்.

சிறுமி அவரிடம் ஓடினாள். வேதவல்லி திரும்பவில்லை.