மூலை சோபா

"மேடம், மூலை சோபாவுல ஒரு குடும்பமே வந்து உக்காந்துக்கினு எழுந்திருக்க மாட்டேங்குது" என்றார் காவலாளி யேசுதாஸ்.

வெளிநாட்டுக் கம்பெனியின் அந்த ஃபர்னிச்சர் கடை காஞ்சிபுரத்தில் திறந்து மூன்று மாதம்தான் ஆகிறது. மேனேஜர் கீர்த்தனா கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"உக்காரட்டும்ணா. நம்ம ஷாங்காய் கிளை மேனேஜர் மீட்டிங்ல சொன்னாங்க. அங்கயும் முதல்ல ஜனங்க சும்மா வந்து உக்காந்து, தூங்கிட்டுக்கூட போனாங்களாம். கடைக்காரங்க யாரையும் எழுப்பலையாம். அப்புறம் அவங்களேதான் வாங்க வந்தாங்களாம்."

"இவங்க தட்டுல பூ, பழமெல்லாம் வெச்சுக்கினு இருக்காங்க மேடம். பொண்ணு பார்க்க வந்த மாதிரி இருக்குது."

"கேன்டீன்ல சொல்லி எல்லாருக்கும் காபி வாங்கிக்கினு வாங்க."

"ஷாங்காய்ல காபியும் குடுத்தாங்களா மேடம்?"

முணுமுணுத்துக்கொண்டே போன யேசுதாஸ், காபித் தட்டோடு திரும்பி வந்தார்.

"பொண்ணு இன்னும் வரலையாம் மேடம்."

கீர்த்தனா கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி வைத்தாள். மேசை டிராயரைத் திறந்து, மல்லிகைச் சரத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, தட்டுக்குக் கை நீட்டினாள்.

"எங்க வீட்டுல தறி போக நாலு பேர் உக்காரத்தான் இடம் இருக்குதுண்ணா. வந்திருக்கறது பதினோரு பேர்."